சூடம் அணைத்த கை

"ஒரு காய்ச்சலாவது வந்துச்சா அவளுக்கு?"

"யாருக்கு?"

"ஒங்க மதினிக்குத்தான். வேற யாருக்கு?"

"ஏண்டி, ஊருக்குள்ள ஒருத்திக்குக் காய்ச்சல் வரலையேன்னு வெசனப்படுற ஆளு நீ ஒருத்திதான். கன்ன இழுத்துப் பிடி, மடிக்கு முட்டிக்கிட்டு வருது."

முத்துப்பேச்சி கன்றின் கயிற்றை இழுத்துப் பிடித்தாள். மொக்கைச்சாமி முழங்கால்களுக்கு நடுவே வாளியை இடுக்கிக்கொண்டு பால் பீச்சினான். வேலிக்கு அந்தப் பக்கம் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் தொட்டியில் விழுகிறதா, வாய்க்காலில் விழுகிறதா என்று சத்தத்தை வைத்தே அவளுக்குத் தெரியும். இப்போது வாய்க்காலில் விழுந்தது. மல்லிகைக்குப் போகிறது.

"மழையில நனைஞ்சுக்கிட்டே பூ எடுத்தா அன்னைக்கு. நின்னு பாத்த எனக்குத் தும்மல். அவளுக்கு ஒண்ணுமில்ல."

"அவ தும்முனா ஒனக்கு என்ன கெடைக்கும்?"

"மனசு ஆறும்."

மொக்கைச்சாமி சிரித்தான். சிரித்தால் அவன் தோள் குலுங்கும். மாடு அதை விரும்பாது. ஒரு கால் மாற்றி நின்றது. "அவள விடு. நாளைக்கு வெள்ளிக்கெழம. கோயில்ல சூடத்த அணைச்சுட்டு வந்தா இந்த மாடு நம்ம மாடு. நான் நிம்மதியா ஒட்டன்சத்திரத்துக்கு மூட்ட தூக்கப் போவேன். பொய் சொல்றவந்தான் பயப்படணும். நல்லுசாமியண்ணன் சொன்னதத்தான நீ சொல்லப்போற?"

"ஆமா" என்றாள் அவள், கன்றின் காதைப் பார்த்து.

மூன்று வருஷத்துக்கு முன்பு அவளுடைய மாமனார் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்தில் இருந்தது இரண்டு மருமகள்களும்தான். மூத்தவன் சடையாண்டியின் மனைவி மணிமேகலை கால்மாட்டில் இருந்தாள். இளையவன் மொக்கைச்சாமியின் மனைவி முத்துப்பேச்சி தலைமாட்டில் இருந்தாள். கிழவர் கண்ணைத் திறந்து, "கெணறு பெரியவன் பங்குல இருந்தாலும் தண்ணி ரெண்டு பேருக்கும்தாம்மா" என்றார். இருவருக்கும் நன்றாகவே கேட்டது. அவர் போய்ச் சேர்ந்த பிறகு மணிமேகலை, மாமா அப்படிச் சொல்லவே இல்லை என்றாள்.

சாணார்பட்டிப் பக்கம் அவர்கள் ஊரில் இப்படி வாய்ப்பேச்சாக நிற்கும் வழக்குக்கு ஒரே முடிவுதான். ஊர்க் காவல் தெய்வமான எல்லைக்கருப்பு முன்னால் சூடத்தைக் கொளுத்துவார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். அணைத்துவிட்டால் அதற்குமேல் ஊர் பேசாது. போலீஸ் கிடையாது, கோர்ட்டு கிடையாது. பொய்யாக அணைத்தவரைப் பார்த்துக்கொள்வது கருப்பின் பொறுப்பு. அணைத்த வீடும் தோற்ற வீடும் ஒன்றுக்குள் ஒன்று நுழையக் கூடாது, தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூடாது.

மணிமேகலை விறுவிறுவென்று வந்தாள். அணைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

அன்றிலிருந்து முத்துப்பேச்சி காத்திருந்தாள். பாம்பு வரும் என்று நினைத்தாள். பயிரில் பூச்சி விழும், அம்மை போடும், கை சூம்பிப் போகும் என்று நினைத்தாள். அவள் வயல்தான் காய்ந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் மல்லிகை அரும்பு விட்டது. தை மாதம் பூ விலை ஏறியது. சந்தைக்கு மூட்டை மூட்டையாகப் போனது. மணிமேகலையின் மகன் முகேஷ்குமாருக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. சடையாண்டியின் காலில் ஆறாமலே இருந்த புண் அந்த வருஷம்தான் ஆறியது. அவர்கள் வீட்டில் ஒரு குருட்டுக் கோழி இருந்தது. அதுகூடத் தட்டுத்தடுமாறிப் போய் அடைகாத்து, பத்துக் குஞ்சு பொரித்தது. முத்துப்பேச்சி வேலி ஓரம் நின்று அந்தக் குஞ்சுகளை எண்ணிவிட்டு, சோறு இறங்காமல் படுத்தாள்.

சில நாள் படுத்துக்கொண்டே கருப்பை நினைத்துப் பார்ப்பாள். அவர் அரிவாளோடு குதிரையில் கிளம்பி வருகிறார். மணிமேகலை வீட்டு வாசலில் புதுக் கார் நிற்கிறது. அதன் கண்ணாடியில் தன் முகம் தெரிவதைப் பார்த்து இறங்குகிறார். மீசையை இப்படியும் அப்படியும் முறுக்கிப் பார்க்கிறார். எதற்கு வந்தோம் என்பதை மறந்துபோய்க் குதிரையைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறார்.

கிணறு, கார், கோழி எல்லாவற்றையும்விட அவளால் பொறுத்துக்கொள்ள முடியாதது ஒன்று இருந்தது. மத்தியானம் மணிமேகலை தூங்குவாள். குறட்டைச் சத்தம் சுவர் தாண்டி வரும். ஏறி, ஒரு கணம் நின்று, பஞ்சு மாதிரி இறங்கும் குறட்டை. உண்மையைச் சொன்ன தனக்கு இல்லாத தூக்கம், பொய் சொன்னவளுக்கு எங்கிருந்து வருகிறது? நகையாக இருந்தால் அதே மாதிரி ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். தூக்கத்தை எந்தக் கடையில் வாங்குவது?

வயல் காய்ந்தபின் அவர்களைக் காப்பாற்றியது இந்த மாடுதான். நல்லுசாமி இதைக் கிடாரிக் கன்றாகக் கொடுத்து வளர்க்கச் சொன்னார். பால் சொசைட்டி வாசலில் நின்று அவளிடம் சொன்னது இதுதான்: "நீ வளத்துக்க ஆத்தா. மொத ஈத்து ஈனுனதும் மாடு எனக்கு, கன்னு ஒனக்கு." பக்கத்தில் வேறு யாரும் இல்லை. மொக்கைச்சாமி அப்போது ஒட்டன்சத்திரத்தில் இருந்தான். மாடு சினையாக இருக்கும்போதே நல்லுசாமி செத்துப்போனார். ஈன்றது காளைக் கன்று.

போன வாரம் அவருடைய மகன் மோகன்குமார் மாட்டை ஓட்டிப்போக ஒரு சின்ன வேனோடு வந்தான். திண்டுக்கல்லில் செல்போன் கடை வைத்திருப்பவன். முத்துப்பேச்சி அப்போது மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வாயிலிருந்து அது தானாக வந்தது.

"மாடு எனக்குன்னுதான ஒங்கப்பா சொன்னாரு. கன்னுதான் ஒங்களுக்கு."

மோகன்குமார் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அவள் அழுதே உண்மையைச் சொல்லியிருப்பாள். "அத்தே, எனக்குச் சாமி நம்பிக்கையெல்லாம் கெடையாது. எங்கப்பா இருந்தா சூடந்தான் கேட்டிருப்பாரு. அடுத்த வெள்ளிக்கெழம காலையில அணைச்சிருங்க. கன்ன ஏத்திக்கிட்டுப் பேசாமப் போயிர்றேன்" என்றான். போகும்போது மாட்டின் நெற்றியைத் தடவிவிட்டுப் போனான்.

சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுத் திரும்பும் வழியில் கருப்பணன் கடையில் சூடம் வாங்கினாள்.

"என்னத்தே, நாளைக்குள்ளதுக்கு ஒத்திகையா?" என்று கருப்பணன் கேட்டான்.

"வீட்டுச் சாமிக்கு."

"பயப்படாதீக. இப்ப வர்ற சூடத்துல பாதி மெழுகு. கருப்புக்கு வாசனையே எட்டாது. போன எலக்சன்ல காச வாங்கிக்கிட்டு, ஒங்களுக்குத்தான் ஓட்டுன்னு ரெண்டு பக்கத்துக்கும் பால்ல அடிச்சுச் சத்தியம் பண்ணுனோம், ஊரே பண்ணுச்சு. எவனுக்காச்சும் வயித்தால போச்சா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எல்லாருக்கும் இது இவ்வளவு லேசாக இருக்கிறது, தனக்கு மட்டும் ஏன் மலையாகக் கனக்கிறது என்று அவர்கள் ஒவ்வொருவர் மேலும் பொறாமையாக இருந்தது.

மொக்கைச்சாமி வெளியே போனதும் கதவைச் சாத்தினாள். டப்பா மூடியைக் கவிழ்த்து, அதன்மேல் சூடத்தை வைத்துக் கொளுத்தினாள். "மாடு எனக்குன்னு சொன்னாரு" என்றாள். கையை ஓங்கினாள். கை அந்தரத்திலேயே நின்றது. சூடம் எரிந்து முடிந்தது. மறுபடி ஒன்று கொளுத்தினாள். சாமி இல்லாத இடம், வெறும் மூடி, வீட்டில் வேறு ஆளில்லை. அப்போதும் கை இறங்கவில்லை.

சாயங்காலம் கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். அது ஒரே உறிஞ்சில் வாளியைக் காலி செய்துவிட்டு, ஈரமூக்கால் அவள் கையை முட்டியது. அவள் கையைக் கழுவிக்கொண்டு, மூன்று வருஷமாக மிதிக்காத வாசலுக்குப் போனாள்.

மணிமேகலை போர்டிகோவில் கால் நீட்டி உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னாடி பேச்சி, கடன் கேட்டு வந்த பேங்க்குக்காரி மாதிரி வாசல்ல நிக்குற?"

"சூடம் அணைச்ச வீடு. நான் உள்ள வரக் கூடாது."

"அடப் போடி. இப்ப எவ அதெல்லாம் பாக்குறா? உரிக்க ஆளில்லாமக் கெடக்கேன். வந்து உக்காரு."

முத்துப்பேச்சி படியில் உட்கார்ந்தாள். கை தானாக மொச்சையை எடுத்தது.

"அக்கா, மாமா ஆஸ்பத்திரியில ஒண்ணு சொன்னாருல்ல…"

"தண்ணி ரெண்டு பேருக்கும்னாரே, அதா? சொன்னாருதான். யாரு இல்லைன்னா?"

முத்துப்பேச்சியின் விரல்கள் நின்றன. இந்த ஒரு சொல்லுக்காக அவள் எத்தனையோ மாதிரி கற்பனை செய்திருந்தாள். மணிமேகலை படுக்கையில் கிடந்து முனகிச் சொல்வாள், அல்லது ஊர் நடுவே தலைவிரி கோலமாகக் கத்திச் சொல்வாள் என்று. அது ஒரு சொத்தை மொச்சையைத் தூக்கி எறிகிற நேரத்தில் வந்துவிட்டது.

"நீதானக்கா இல்லைன்ன. சூடத்த அணைச்ச."

"அணைச்சேன். கெணத்துல இருந்த தண்ணி ரெண்டு வயலுக்குக் காணாது. ஒண்ணாவது பொழைக்கட்டும்னு பாத்தேன். அது என்னுதா இருக்கட்டும்னு பாத்தேன். நீ என் எடத்துல இருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"பயமா இல்லையா ஒனக்கு?"

மணிமேகலை உண்மையாகவே யோசித்தாள். நெற்றியைச் சுருக்கி, மேலே பார்த்து.

"பயமாத்தான் இருந்துச்சு. அன்னைக்கு அடுப்புல சோத்த வச்சிட்டு வந்திருந்தேன். கொழைஞ்சிருமே, கொழைஞ்சிருமேன்னு மனசு அடிச்சுக்கிச்சு. அணைச்சதும் ஓட்டமா வந்து வடிச்சேன். நல்லவேள, கொழையல."

முத்துப்பேச்சி அவளுடைய உள்ளங்கையைப் பார்த்தாள். சிவந்த, கொழுத்த கை. மொச்சைச் சாறு பட்டுப் பளபளத்தது. கோபம் வந்திருக்க வேண்டும். எழுந்து தெருவில் நின்று, ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று கத்தியிருக்க வேண்டும். ஆனால் யார் நம்புவார்கள்? அப்படிச் சொல்லவில்லை என்று இவள் இன்னொரு சூடத்தையும் அணைத்துவிட்டு வந்து மொச்சை உரிப்பாள். கருப்பின் முன்னால் நிற்கும்போது அடுப்புச் சோறு நினைவுக்கு வருகிற ஒரு மனசு! அந்த மனசை ஒரு காலை நேரத்துக்குக் கடனாக வாங்க முடிந்தால் போதும் என்றிருந்தது.

"ஒனக்கு நாளைக்குச் சூடமாமே" என்றாள் மணிமேகலை. "ஒனக்கென்ன, நெசத்தச் சொல்லப்போறவ."

முத்துப்பேச்சி ஒரே மொச்சையை விரல்களுக்கு நடுவே உருட்டிக்கொண்டிருந்தாள். மணிமேகலை தலையை நிமிர்த்தி அவள் முகத்தைப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள்.

"ஓகோ" என்றாள். அதில் கேலி இல்லை. நெரிசல் பஸ்ஸில் நகர்ந்து உட்கார்ந்து இடம் விடுகிறவளின் குரல் அது. கொஞ்சம் கழித்து, "மாடு நல்ல மாடுதான். மடி நல்லா எறங்கியிருக்கு. நானும் வேலிப்பக்கம் பாத்தேன்" என்றாள்.

"ரெண்டு தடவ கொளுத்திப் பாத்தேங்க்கா. கை எறங்கல."

"மொக்கைக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவரு நெசம்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு."

உள்ளே குக்கர் விசில் அடித்தது. மணிமேகலை எழப்போனாள். முத்துப்பேச்சி அவளுடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நாளைக்குக் காலையில நீயும் கோயிலுக்கு வா. எம் பின்னாடி ஒட்டி நில்லு. நான் கைய ஓங்குறப்ப, சோறு கொழையப்போகுது, சோறு கொழையப்போகுதுன்னு என் காதுல மட்டும் சொல்லிக்கிட்டே இரு, அக்கா."