எழுத்துத் தெரியும்வரை வடித்த ரசம்

மூன்றாவது முறை வடிகட்டிய பிறகும் அம்மாவுக்கு ரசத்தின்மேல் நம்பிக்கை வரவில்லை. கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, பின்னால் தமிழ்ப் பத்திரிகையைப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"எழுத்து தெரியுதா பாரு."

"தெரியுதும்மா."

"என்ன எழுதியிருக்கு, வாசி."

குனிந்து வாசித்தேன். "கண்ணீர் அஞ்சலி."

அம்மா பத்திரிகையை வெடுக்கென்று இழுத்துப் பக்கத்தைத் திருப்பினார். பந்திங்கில் நிலம் விற்பனைக்கு என்று ஒரு விளம்பரம் வந்தது. "இத வாசி." வாசித்தேன். ரசம் தேறிவிட்டது. அந்த மகிழ்ச்சியில் அம்மாவின் கை தானாகக் கரண்டியை எடுத்து, எண்ணெய் காய்ச்சி, கடுகைத் தாளித்து ரசத்தில் கொட்டிவிட்டது.

இருவரும் தம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"தாளிக்காம எப்படிடி ரசம்?" என்று முணுமுணுத்தபடி, தேக்கரண்டியால் கடுகை ஒவ்வொன்றாக மீன்பிடிப்பதுபோல எடுத்தார்.

மறுநாள் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மருத்துவமனையில் எனக்கு சிக்மாய்டோஸ்கோப்பி. ஆசனவாய் வழியாக விரல் பருமனுள்ள வளையும் குழாயை விட்டு, அதன் முனையிலிருக்கும் கேமராவால் பெருங்குடலின் கடைசிப் பகுதியைப் பார்ப்பார்கள். சில வாரங்களாகக் கழிப்பறையில் இரத்தம் பார்த்திருந்தேன். "பெரும்பாலும் மூலமாத்தான் இருக்கும். ஆனா பார்த்துடலாம்," என்றார் டாக்டர் பரமேஸ்வரன். அம்மாவின் காதில் அந்த "ஆனா" மட்டும்தான் விழுந்தது.

அம்மாவின் தம்பி ஜெயராஜ் மாமாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. சொன்னபோது குடலில் இருந்த புற்று கல்லீரலுக்குப் போயிருந்தது. எனக்கு அப்படியே மாமாவின் மூக்கு என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். நான் இரத்தத்தைப் பற்றிச் சொன்ன நாளிலிருந்து அம்மா என்னோடு பேசும்போது என் மூக்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார்.

மருத்துவமனை தந்த தாளில் எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. முதல் நாள் மிதமான சாப்பாடு, சோதனையன்று காலை லேசான பலகாரம், குடலைக் கழுவும் எனிமா அங்கேயே தருவார்கள். நான் மாலை வகுப்பில் கணக்கியல் படிப்பவள். அடிக்கோல் வைத்துக் கோடு போட்டு வாசித்தேன். என் வழக்கப்படி, கோடு போட்ட பிறகு அந்தக் கோட்டின்மேலேயே சந்தேகம் வந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லி ஆன்டி உள்ளே வந்தார்.

"ஐயோ, ஒண்ணுமே சாப்பிடக்கூடாது லா! நான் செஞ்சப்போ வெறும் தண்ணிதான். கிளாஸுக்குப் பின்னால பேப்பர் வெச்சா எழுத்து தெரியணும். அப்படிப்பட்ட தண்ணி!"

ஆன்டி செய்தது கொலோனோஸ்கோப்பி, பெருங்குடல் முழுவதையும் பார்க்கும் வேறு சோதனை. அது எனக்குத் தெரியும். ஆனால் ஆன்டி பேசிய வேகத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் எனக்கே பொய்போலப் பட்டது.

அம்மா உடனே முடிவெடுத்துவிட்டார். "புள்ள மட்டும் பட்டினி கெடக்கறதா? வீடே விரதம் இருப்போம். தைப்பூசத்துக்கு இருக்கறதில்லையா?" கோழிக் குழம்பு ஆன்டி வீட்டுக்குப் போனது. அடுப்படி கழுவப்பட்டது. பத்துமலை முருகனுக்கு ஒரு நேர்த்திக்கடனும் வைக்கப்பட்டது. வேலை முடிந்து வந்த குரு அண்ணன் மேசையில் மூன்று தம்ளர் ரசத்தைப் பார்த்துவிட்டுச் சட்டியைத் திறந்தான். அதிலும் ரசம்தான்.

"ஸ்கோப்பு அவளுக்கு. எனக்கு ஏன்மா?"

"கூடப் பொறந்தவதானே?"

"நாள் முழுக்க லோரி ஓட்டிட்டு வரேன்மா. என் குடல யாரு பார்க்கப் போறா?"

"முருகன் பார்ப்பான். குடி."

காலையில் கிள்ளானிலிருந்து அண்ணனின் காரில் புறப்பட்டோம். பசியில் எனக்குத் தலை லேசாகச் சுற்றியது. கூட்டரசு நெடுஞ்சாலையில் போகப் போக எதைப் பார்த்தாலும் சிரிப்பு வந்தது. "நாசி லெமாக் சோத்து விளம்பரம். என்னயப் பார்த்துக் கண்ணடிக்குது," என்றான் அண்ணன். "ரோட்டப் பாருடா," என்று அதட்டிய அம்மாவே, அடுத்த விளம்பரத்தில் இருந்த வறுத்த கோழியை அது மறையும்வரை திரும்பிப் பார்த்தார். மூவரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கும்போதெல்லாம் கார் மிகவும் அமைதியாகிவிட்டது. அதனால் மறுபடியும் ஏதாவது சொல்லிச் சிரித்தோம்.

மருத்துவமனையில் மலர் என்ற தாதி வந்து கேள்விகள் கேட்டார்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க, சுரேகா?"

"ஒண்ணும் இல்லக்கா. நேத்துலேர்ந்து ரசம்தான்."

"ரசமா? ஏன்? இன்னிக்குக் கடைசிப் பகுதி மட்டும்தானே பார்க்கறோம், எனிமாவே போதுமே. இட்லி சாப்பிட்டு வந்திருக்கலாம்."

எனக்குப் பின்னாலிருந்து அண்ணனின் குரல் மிக நிதானமாக வந்தது. "அம்மா."

"விரதம் வீண் போகாதுடா," என்றார் அம்மா, சுவரைப் பார்த்துக்கொண்டு.

எனிமாவும் கழிப்பறை ஓட்டமும் முடிந்து என்னை உள்ளே கூட்டிப்போனார்கள். மயக்க மருந்து கிடையாது. இடப்பக்கமாகப் படுத்து முழங்கால்களை மார்போடு மடக்கிக்கொண்டேன். குழாய் நுழைந்தபோது வலியைவிட அவசரம்தான் அதிகம். உடனே எழுந்து ஓட வேண்டும்போல் இருந்தது.

"குடல் விரியறதுக்குக் காத்து அடிக்கறோம். வெளிய வந்தா விட்டுடுங்க, அடக்காதீங்க," என்றார் டாக்டர்.

ஏப்பம் வந்தாலே வாயைப் பொத்திக்கொள் என்று வளர்க்கப்பட்டவள் நான். டாக்டருக்கு முன்னால் எப்படி? இறுக்கிப் பிடித்தேன். வயிறு முறுக்கியது.

"விடும்மா," என்று மலர் அக்கா என் தோளைத் தட்டினார். "டத்தோ பட்டம் வாங்கின பெரிய மனுஷங்கெல்லாம் இங்க விட்டிருக்காங்க."

சிரித்துவிட்டேன். திரையில் என் குடலும் சேர்ந்து குலுங்கியது. "சிரிக்காதீங்க, கேமரா ஆடுது," என்ற டாக்டரின் குரலிலும் சிரிப்பு இருந்தது. ஆனாலும் காற்று வரவில்லை.

என் உள்ளே சாக்கடைபோல் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது கைக்குழந்தையின் வாய்போல ஈரமாக, இளஞ்சிவப்பாக, மடிப்பு மடிப்பாக இருந்தது. அழகாக இருக்கிறது என்று தோன்றியது. அப்படித் தோன்றுவது சரியா என்று தெரியவில்லை. ஒவ்வொரு மடிப்பு வரும்போதும் இதில்தான் மாமாவுக்கு வந்ததுபோல ஒன்று இருக்குமோ என்று தேடினேன். அது எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது.

குழாய் நின்றது. திரையின் நடுவில் உருண்டையாக, கறுப்பாக ஒரு புள்ளி. டாக்டர் முன்னால் சாய்ந்தார். மலர் அக்காவின் கை என் தோளிலேயே நின்றுவிட்டது.

"டாக்டர், அது என்ன?"

அவர் ஒரு பொத்தானை அழுத்தினார். குழாயின் முனையிலிருந்து தண்ணீர் பீய்ச்சியது. புள்ளி அசைந்தது, உருண்டது, மடிப்பைத் தாண்டி ஓடியது.

"கடுகு," என்றார் டாக்டர்.

அதன்பிறகு என்னால் முடியவில்லை. கண்ணீர் வரச் சிரித்தேன். அவர் பொறுமையாகக் காத்திருந்து, மிச்சத்தையும் பார்த்துவிட்டுக் குழாயை மெல்ல வெளியே இழுத்தார். குழாய் ஆசனவாயை நெருங்கியதும் நிறுத்திக் காட்டினார். "இதோ, உள்மூலம். ரத்தம் இங்கேர்ந்துதான். உள்ள பார்த்த வரைக்கும் கட்டி, புண் எதுவும் இல்ல. சுத்தமா இருக்கு. நார்ச்சத்து சாப்பிடுங்க, தண்ணி குடிங்க, கழிப்பறையில முக்காதீங்க. மறுபடி ரத்தம் வந்தா உடனே வந்துடுங்க."

வெளியே அம்மா அதே பத்திரிகையை மடித்து மடித்து உள்ளங்கை அளவாக்கி வைத்திருந்தார்.

"மூலம்தாம்மா. வேற ஒண்ணும் இல்ல. ஒரே ஒரு கடுகு இருந்துச்சு."

"கடுகா?" அம்மா என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். பார்வை நெற்றியிலிருந்து இறங்கி மூக்கில் நின்றது. பிறகு என் மூக்கை இரண்டு விரலால் பிடித்து, வலிக்கிற அளவுக்கு ஆட்டினார். "உன் மாமன் வாயத் தொறக்கல. நீ தொறந்தே," என்றார். பிறகு மூக்கை விட்டார். "எல்லாக் கடுகையும் எடுத்தேனேடி."

லிஃப்ட் நிறைய ஆட்கள். ஒரு மலாய்த் தம்பதி, கைத்தடியோடு ஒரு சீனத் தாத்தா, கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய மூன்று பேர். கதவு மூடியதும், சோதனை மேசையில் எவ்வளவு கெஞ்சியும் வராத காற்று புறப்பட்டது. அது சின்னதாக இல்லை. சீக்கிரம் முடியவும் இல்லை. எல்லோரும் மாடி எண்களைப் பார்த்தார்கள். அண்ணன் கூரையைப் பார்த்தான்.

அம்மா வகுப்பில் கை தூக்கும் பிள்ளைபோலக் கையை உயர்த்தினார்.

"மாஃப் யா," என்றார் மலாயில், தலை நிமிர்ந்து. "சாயா பூன்யா."

மன்னிக்க வேண்டும், என்னுடையது. சீனத் தாத்தா மரியாதையாகத் தலையசைத்தார். அண்ணன் முகத்தைச் சுவரில் புதைத்துக் குலுங்கினான்.

கீழ்த்தளத்தில் இறங்கியதும் அம்மா என் காதருகே குனிந்தார்.

"இன்னும் இருக்கா?"

"இருக்கும்மா."

"இங்கயே நடந்து முடிச்சுடு. அப்புறம் வாழையிலைச் சாப்பாடு," என்று என் கையைக் கோத்துக்கொண்டு வாகன நிறுத்துமிடத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். அண்ணன் நான்கடி பின்னால் வந்தான்.