வினிகர் போடாத முட்டை

1

இந்தக் கதை ஃபிரிட்ஜில் இருக்கிறது. மேல் தட்டில், பால் பாக்கெட்டுக்குப் பின்னால், எவர்சில்வர் டம்ளருக்குள் துணி சுற்றி வைத்த ஒரு முட்டை. கதை எங்கே பிறந்தது என்று கேட்டால் மற்ற எழுத்தாளர்கள் வானத்தைப் பார்ப்பார்கள். நான் ஃபிரிட்ஜைத் திறந்து காட்டிவிடுவேன். (ரொம்ப நேரம் திறந்து வைத்தால் மனைவி ஹெலினா சத்தம் போடுவாள். சீக்கிரம் பார்த்துக்கொள்ளுங்கள்.)

இதில் வரும் பால்ராஜ் வேறு, இதை எழுதும் நான் வேறு. இருவருக்கும் ஒரே ரேஷன் கார்டு, ஒரே மூக்குக் கண்ணாடி, ஒரே மனைவி என்பதெல்லாம் தற்செயல். முதல் பிரதியில் எல்லா இடத்திலும் 'நான்' என்றுதான் எழுதியிருந்தேன். 'நான்' என்று எழுதியதுமே கை பொய் சொல்லத் தொடங்கிவிடுகிறது. எழுபது வருடப் பழக்கம். பால்ராஜைப் பற்றி என்றால் கொஞ்சம் அடங்கி எழுதுகிறது.

தொடக்கமே பல முறை மாறிவிட்டது.

"ஆவடியில் ஒரு காலத்தில் கோழிகள் தட்டையாக முட்டையிட்டன."

நல்ல தொடக்கம்தான். ஆனால் பின்னால் தேவைப்படும். எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

"ஷவுகத் அலி வீட்டைக் காலி செய்த அன்று மழை கொட்டியது."

கொட்டவில்லை. நல்ல வெயில். பிரிவு என்றால் மழை வேண்டுமென்று கை தானாக எழுதிவிட்டது. லாரிக்காரன் துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டிருந்தான். அப்படிப்பட்ட வெயில்.

2

ஆவடியில் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்ட இரண்டு வீடுகள். ஒன்றில் பால்ராஜ், ஃபேக்டரியில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்ததில் ஷவுகத் அலி, தையல்காரர். பின்பக்கச் சுவர் நெஞ்சளவு உயரம். கோழிகள் ஷவுகத்துடையவை. சாயங்காலமானால் அவர் அந்தப் பக்கம் தீனி போடுவார். இவர் இந்தப் பக்கம் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு பொய் சொல்வார்.

பொய் சொல்வது பெரிய வித்தையில்லை. கேட்கத் தெரிந்த ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். சிலர் சிரித்துவிடுவார்கள், அதோடு பொய் செத்துப்போகும். சிலர் "நெஜமாவா?" என்பார்கள், அது போலீஸ் விசாரணை. ஷவுகத் அடுத்த கேள்வியைக் கேட்பார்.

"பாய், எங்க ஃபேக்டரில தகடு உருட்ற மெஷின் பக்கத்துல ஒரு கோழி மேஞ்சுகினு இருந்துச்சு. அந்தச் சத்தத்துல அரண்டு போய் அது போட்ட முட்டை தோசை கணக்கா தட்டையா வந்துச்சு."

ஷவுகத் கழுத்தைத் தடவிக்கொண்டே யோசிப்பார். அளவு டேப் தொங்கித் தொங்கிப் பழகிய கழுத்து.

"கூர் முனை எந்தப் பக்கம் நைனா?"

"தட்டை முட்டைக்கு ஏது பாய் முனை? ஓரம் பூரா கூர்தான்."

"அப்ப கோழிக்கு வலிச்சிருக்குமே. அடை காத்துச்சா, இல்லியா?"

"காத்துச்சு. குஞ்சு வரச்சொல்ல, கதவ சாத்தி வச்சாக்கூட அடியில பூந்து வந்துடும்."

"அதான பாத்தேன்," என்று சொல்லிவிட்டு அடுத்த பிடி தீனியைத் தூவுவார். முகத்தில் ஒரு கோடு அசையாது.

அவருடைய மகன் ராஷித் ஐயப்பன்தாங்கலில் டெப்போ பக்கம் மூன்றாம் மாடியில் ஃப்ளாட் வாங்கினான். வீட்டை விற்றார்கள். மூன்றாம் மாடியில் கோழிக்கு அனுமதியில்லை. கோழிகளைச் சுவருக்கு மேலே தூக்கிக் கொடுத்தார் ஷவுகத். கடைசியாக வந்தது எக்ஸ்பிரஸ், இருந்ததிலேயே மெதுவாக நடக்கிற கோழி. பெயர் வைத்தது அவர்தான்.

"தீனி மறக்காத நைனா."

"சரி பாய்."

அன்று முழுக்க பால்ராஜ் ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஹெலினா தெர்மாமீட்டரைத் தேடினாள்.

3

'இவர் போய்ப் பார்க்க வேண்டியதுதானே' என்று நீங்கள் கேட்பீர்கள். போனார். இரண்டு பஸ் மாறிப் போனார். வாட்ச்மேன் எங்கே, யாரை, எதற்கு என்று கேட்டான். 'எதற்கு' என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. மேலே சோபாவில் உட்கார வைத்தார்கள். டிவி ஓடிக்கொண்டிருந்தது. இஸ்திரி போட்ட சட்டையில் ஷவுகத் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார், அவரும் யார் வீட்டுக்கோ வந்தவர்போல. பால்ராஜ் சின்னதாக ஒரு பொய்யை எடுத்துவிட்டுப் பார்த்தார். ராஷித் சிரித்தான். மருமகள் நஜ்மா "அப்படியா அங்கிள்?" என்றார். ஷவுகத் வாயைத் திறக்குமுன் பிஸ்கட் வந்துவிட்டது.

சில பொய்களுக்குச் சுவர் வேண்டும். அந்தச் சுவரையும் புது வீட்டுக்காரர் இடித்து நீலத் தகரம் வைத்து மறைத்துவிட்டார், அடுக்குமாடி கட்டுவதற்காக.

4

மழைக்காலம் முடிகிற சமயத்தில் (இது நிஜ மழை) எக்ஸ்பிரஸ் தோல் முட்டை போட்டது. ஓடே இல்லை. கையில் எடுத்தால் தண்ணீர் நிரம்பிய பலூன் மாதிரி துவண்டது. பால்ராஜ் பயந்துபோய் போன் செய்தார்.

"பாய், முட்டைக்கு மேல சட்டையே இல்ல!"

"எந்தக் கோழி?"

"எக்ஸ்பிரஸ்."

"கை வைக்காத. வரேன்."

மத்தியானத்துக்குள் வந்துவிட்டார். சட்டைப் பையில் இடித்த கிளிஞ்சல் பொட்டலம். "சுண்ணாம்புச் சத்து பத்தல நைனா. இத தீனில கலந்து போடு, ஓடு கட்டிக்கும்," என்றார். சொல்லி முடித்தாயிற்று. வைத்தியம் அவ்வளவுதான். ஆனால் இருவரும் கட்டட வேலைக்கு இறக்கியிருந்த சிமெண்டுக் கல்லில் ஆளுக்கொன்றாக உட்கார்ந்து, டீ குடித்து, வெயில் சாயும்வரை எழுந்திருக்கவில்லை. தட்டை முட்டைக் கோழியின் பேரப்பிள்ளைகள் என்ன ஆயின என்று ஷவுகத் விசாரித்தார். பால்ராஜ் விவரமாகச் சொன்னார்.

கிளிஞ்சல் வேலை செய்தது. அதுதான் கஷ்டகாலம். அடுத்த வாரமே எக்ஸ்பிரஸ் நல்ல முட்டையாகப் போட்டது. வழுவழுவென்று, குற்றம் சொல்ல முடியாத முட்டை. அதற்கடுத்ததும் அப்படியே. தினமும் காலையில் பால்ராஜ் கூண்டைத் திறந்து, நல்ல முட்டையைப் பார்த்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"ஊர்ல எல்லாரும் முட்டை நல்லா கீதான்னு பாப்பாங்க. இந்த மனுசன் நல்லா கீதேன்னு அழுவுறார்," என்றாள் ஹெலினா.

கிளிஞ்சலை நிறுத்திவிட்டால் என்ன என்று அவர்

(இந்த வாக்கியத்தை இங்கேயே விட்டுவிடுகிறேன். அவர் அப்படி நினைத்தது உண்மை. செய்யவில்லை. வாயில்லாத ஜீவன்.)

5

ஆகவே அவர் கடைக்குப் போய்க் காடை முட்டை வாங்கினார்.

யோசனை எளிமையானது. கோழி குட்டி முட்டை போட்டிருக்கிறது என்று சொல்ல வேண்டும். காடை முட்டையில் இருக்கும் புள்ளிகள்தான் இடைஞ்சல். ஹெலினா மீன் ஊறுகாய்க்கு வைத்திருந்த வினிகரை எடுத்துத் துடைத்தார். புள்ளி போய்விட்டது. போன் செய்தார். ஷவுகத் வந்தார். உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

"வெட்கப்பட்டுப் போட்டிருக்கு," என்றார்.

"வெட்கமா?"

"பக்கத்துல வேலை செய்யற ஆளுங்க எட்டி எட்டிப் பாத்தா? பொட்டக் கோழிதானே. கூண்டுக்கு ஒரு பழைய புடவையக் கட்டு. அடுத்த வெள்ளி தொழுகை முடிச்சு வந்து பாக்கறேன்."

புடவை கட்டினார்கள். வெள்ளிக்கிழமை வந்தது. துடைத்த முட்டை ஒன்றை பால்ராஜ் ஞாபக மறதியாக வினிகரிலேயே போட்டு வைத்திருந்தார். எடுத்துப் பார்த்தால் ஓடு கரைந்து தோல் முட்டை! ஆராய்ச்சிகள் இப்படித்தான் நடக்கின்றன. அதன்பின் கோழி முட்டைகளே வினிகருக்குப் போயின. வெள்ளிதோறும் கூண்டில் ஒரு புது வியாதி. ஷவுகத் பார்ப்பார், தடவுவார், கூண்டைக் கிழக்கே திருப்பு என்பார், அடுத்த வாரம் மேற்கே திருப்பு என்பார். எக்ஸ்பிரஸ் ஊரைச் சுற்றிப் பார்த்தது அந்த மாதத்தில்தான்.

ஹெலினா ஊறுகாய் போடப் போனபோது பாட்டில் காலி.

6

நஜ்மாவை வில்லியாக எழுதிப் பார்த்தேன். வரவில்லை. அவர் கொண்டுவந்த கேக் நன்றாக இருந்தது.

ஷவுகத்துக்கு மூட்டு வலி அதிகமாகி, பஸ் மாறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வெள்ளி நஜ்மா ஆட்டோவில் கூடவே வந்தார். வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர். முட்டையைக் கையில் வாங்கினார். ஒரே மோப்பம்தான்.

"அங்கிள், இது வினிகர்ல ஊறினது. எங்க பசங்க எக்ஸிபிஷன்ல செய்வாங்க. நிஜத் தோல் முட்டை இவ்ளோ ஊதியிருக்காது."

ஹெலினா டீ டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஷவுகத் முட்டையை மருமகளிடமிருந்து வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"வினிகர்தாம்மா," என்றார். "ஹெலினா பாட்டில மூடாம வச்சிருக்கு. கோழி குடிச்சிருக்கு."

"மாமா..."

"எவ்ளோ குடிச்சிருக்கும் நைனா?"

அந்தக் கேள்விக்கு பால்ராஜ் பதில் சொல்லியிருக்க வேண்டும். கால் பாட்டில் என்றாவது சொல்லியிருக்கலாம். கோழி ஊறுகாயும் தொட்டுக்கொண்டது என்று சொல்லியிருக்கலாம். எத்தனை பதில்கள் இப்போது தோன்றுகின்றன! அன்று அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஷவுகத் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு ஆட்டோவில் ஏறினார்.

முதல் காடை முட்டையிலேயே அவருக்குத் தெரியும் என்று பால்ராஜுக்கு ஆட்டோ திரும்பியபோதுதான் புரிந்தது. தெரிந்துதான் இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்.

அதற்கப்புறம் எந்த வெள்ளியும் ஷவுகத் வரவில்லை. முட்டைக்காக வந்தவர் முட்டை பொய் என்றானபின் எதற்காக வருவதென்று வீட்டில் சொல்வார்? இவரும் எதைச் சொல்லிக் கூப்பிடுவார்?

7

போன வாரம் எக்ஸ்பிரஸ் கொஞ்ச நாள் சும்மா இருந்துவிட்டு ஒரு முட்டை போட்டது. வாத்து முட்டையைவிடப் பெரிது. மெல்ல ஆட்டினால் உள்ளே யாரோ புரண்டு படுப்பதுபோல் ஓர் இடி. பட்டப்பகலில் போர்வைக்குள் புகுந்துகொண்டு, போன் டார்ச்சை அடித்துப் பார்த்தார் பால்ராஜ். ஹெலினா போர்வையை விலக்கி, "இந்த வயசுல இன்னா கூத்து இது?" என்றாள். பிறகு அவளும் தலையை உள்ளே நுழைத்துப் பார்த்தாள்.

"ஆண்டவரே! உள்ள இன்னொண்ணு கீது."

முட்டைக்குள் ஓடோடு ஒரு முட்டை. ஹெலினா பொய் சொல்லமாட்டாள். அவள் பங்கையும் சேர்த்து பால்ராஜே எடுத்துக்கொண்டுவிட்டார். (முட்டைக்குள் முட்டை, கதைக்குள் கதை என்று யாராவது கட்டுரை எழுதக் கிளம்பினால் தயவுசெய்து உட்காருங்கள். இது முட்டை. ஆம்லெட் போடலாம்.)

போன் செய்தார். உண்மையைச் சொல்லிப் பழக்கமில்லாததால் குரல் நடுங்கியது.

"பாய், முட்டைக்குள்ள முட்டை கீது."

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"சரி நைனா."

"டார்ச் அடிச்சுப் பாத்தேன் பாய். ஹெலினாவும் பாத்துச்சு."

"சரி நைனா. உடம்பப் பாத்துக்கோ."

அவ்வளவுதான். கேள்வியே இல்லை.

8

முடிவுகள் இருக்கின்றன. பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம்.

ஷவுகத் வருகிறார். சிமெண்டுக் கல்லில் உட்கார்ந்து முட்டையை உடைக்கிறார்கள். உள்ளே சின்ன முட்டை. அதையும் உடைத்தால் அதற்குள் இன்னொன்று என்று பால்ராஜ் சொல்ல, அதற்குள் என்ன என்று ஷவுகத் கேட்கிறார். இருட்டுகிறது.

அல்லது, பால்ராஜ் தூக்குச் சட்டியில் தவிடு நிரப்பி முட்டையைப் புதைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறார். பூந்தமல்லியில் கூட்டம். ஒரு கல்லூரிப் பையனின் முதுகுப் பை

வேண்டாம். உடைந்தால் அப்புறம் அதுவும் பொய்தான்.

மூன்றாவது முடிவை எழுதவில்லை. இரண்டு கிழவர்கள் இருக்கிற கதையில் மூன்றாவது முடிவு என்னவென்று உங்களுக்கே தெரியும்.

அதனால் ஒரு வேண்டுகோள். நீங்கள் ஐயப்பன்தாங்கல் டெப்போ பக்கம் போகிறவராக இருந்தால், லிஃப்ட் ஓடுகிற நாட்களில், சாயங்காலம், டீக்கடை ஓரம் வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் உட்கார்ந்திருப்பார். டேப் இல்லாத கழுத்தைத் தடவிக்கொண்டிருப்பார். ஆவடி முட்டை ஃபிரிட்ஜில் இருக்கிறது, உடைக்கவில்லை, வினிகர் போடவில்லை என்று சொல்லுங்கள். சத்தியம் கித்தியம் செய்யாதீர்கள், அவருக்குப் பிடிக்காது. சொல்லிவிட்டுச் சும்மா நில்லுங்கள். கொஞ்சம் யோசிப்பார். பிறகு ஏதாவது கேட்பார். உங்களுக்குப் பதில் தெரியாது. பரவாயில்லை, வாய்க்கு வந்ததைச் சொல்லுங்கள். அவர் அடுத்ததைக் கேட்பார்.

என்ன கேட்டார் என்பதை மட்டும் எனக்கு, தப்பு, பால்ராஜுக்கு வந்து சொல்லிவிட்டுப் போங்கள்.

அவர் ஒன்றும் கேட்காமல் 'சரி' என்று சொல்லிவிட்டால்