அந்தப் பக்கம் குதிப்பவள்

அம்மாவின் பூட்ஸ் கயிறு அவிழ மறுத்தது. சின்னவள் நகத்தால் நெம்பிப் பார்த்தாள், பல்லால் கடிக்காத குறை. அது அம்மா போடுகிற முடிச்சே இல்லை. அம்மாவின் முடிச்சு நாலு எட்டு நடந்தாலே தானாக அவிழ்ந்துவிடும். இது யார் போட்ட முடிச்சு என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கத்தரிக்கோலைத் தேடினாள்.

"வெட்டாத சின்னு. அந்தக் குட்டை நுனியை இழு, வந்துரும்" என்று அண்ணி வாசலில் நின்றபடி சொன்னாள்.

இழுத்தாள். ஒரே இழுப்பில் வந்துவிட்டது. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

காலையில் அம்மாவும் அண்ணியும் வழக்கம்போல முதுகில் எட்டு கிலோ மூட்டையோடு மாடிப்படியை இருபது தடவை ஏறி இறங்கியிருக்கிறார்கள். அண்ணி வேலைக்குப் போன பிறகு, புது பூட்ஸ் காலுக்குப் பழகட்டும் என்று கழற்றாமலே அம்மா கட்டிலில் சாய்ந்திருக்கிறாள். மதியம் அண்ணன் சாப்பிட எழுப்பியபோது எழவில்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்று சொல்லி, டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். தீவுக்குப் போகும் கப்பலுக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது.

தபால் நிலையத்தில் முப்பது வருடம் கடிதம் பிரித்துப் போட்டவள் அம்மா. ஓய்வு பெற்ற மறுமாதமே சுவரில் ஒரு படம் ஒட்டினாள். கடல் நடுவில் ஒரு தீவு, அதில் இரண்டு சிகரம், இரண்டையும் இணைத்து வாள் விளிம்பு மாதிரி ஒரு முகடு. "இந்த உச்சியிலிருந்து அந்த உச்சிக்கு நடக்கப் போறேன்" என்றாள். வீடே சிரித்தது. சிரிக்காதவள் அண்ணி மட்டும்தான். லிஃப்ட் மெக்கானிக் அவள். கயிறும் உயரமும் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. மறுநாளே இரண்டு பேரும் படி ஏற ஆரம்பித்துவிட்டார்கள்.

"நானும் வரேம்மா" என்று சின்னவள் ஒரு தடவை கேட்டாள்.

"உனக்கு லீவு கிடைக்காதேடி" என்றாள் அம்மா.

லீவு கேட்டுப் பார்த்தால்தானே கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியும்! சின்னவள் வாங்கியே வைத்திருந்தாள், பத்து நாள். அவள் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்குப் பின்னால் இருந்த ஐந்து மாடிப் படிகளை, மதிய இடைவேளையில் தினமும் யாருக்கும் தெரியாமல் ஏறினாள். அம்மா இன்னொரு தடவை கூப்பிடுவாள் என்று இரண்டு மாதம் காத்திருந்தாள். அம்மா கூப்பிடவில்லை. ஏழு வருடத்துக்கு முன்னால் மருமகளாக வந்தவளோடு கயிறு கட்டிக்கொண்டு நடந்தாள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

சின்னவள் பூட்ஸைக் கழற்றினாள். அதற்குள் இரண்டு அடுக்கு சாக்ஸ். குதிகாலில் வெள்ளை பிளாஸ்திரி, நாலு மூலையும் வட்டமாக வெட்டி ஒட்டியிருந்தது. கால்நகங்கள் ஒட்ட வெட்டப்பட்டிருந்தன. அம்மாவுக்குக் குனிந்து நகம் வெட்ட வராது.

"நகம் நீங்களா வெட்டிவிட்டீங்க?"

"நேத்து. இறங்கும்போது விரல் முட்டும்ல." அண்ணி ஈரத்துணியைப் பிழிந்து நீட்டினாள். "பிளாஸ்திரியைப் பிய்க்காத. தோல் வந்துரும்."

சின்னவள் பிய்க்கத்தான் இருந்தாள். கையை எடுத்துக்கொண்டாள்.

"அண்ணி, அம்மா ஏன் என்னைக் கூப்பிடல?"

"இப்ப எதுக்கு அது?"

"இப்பவே சொல்லுங்க. நாளைக்குக் கேட்டா நல்லதா ஏதாவது ஜோடிச்சுச் சொல்லுவீங்க."

அண்ணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"முகட்டுல ரெண்டு பக்கமும் பள்ளம். ரெண்டு பேரையும் ஒரே கயித்துல கட்டியிருக்கும். ஒருத்தி இந்தப் பக்கம் விழுந்தா, மத்தவ யோசிக்காம அந்தப் பக்கம் குதிச்சிரணும். அப்பத்தான் கயிறு முகட்டு மேல மாட்டிக்கும், ரெண்டு பேரும் பொழைக்கலாம். இதே கட்டில் மேல ஏறி நின்னு பழகினோம்."

"அதுக்கு?"

"அத்தை சொன்னாங்க, 'எம்பொண்ணு குதிக்க மாட்டா. என்னைப் பிடிக்கறேன்னு எம்மேலயே பாய்வா, ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்துருவோம். நீதான் குதிப்பே'ன்னு."

அது பாராட்டா, திட்டா? சின்னவளுக்குப் புரியவில்லை. பொய்யாகக்கூட இருக்கலாம் என்று தோன்றியது. நிஜமாகவே இருந்தாலும் அதை அம்மா அண்ணியிடம்தானே சொன்னாள்? தன்னைப் பற்றிய பேச்சைக்கூட இவள் வாயால்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

"நல்லாத்தான் ஜோடிக்கறீங்க" என்றாள். அண்ணி சாக்ஸை மடித்து வைத்தாள்.

அம்மாவைக் கொண்டுபோக வண்டி வந்தது. டிரைவர் ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவந்து லிஃப்டை எட்டிப் பார்த்தார்.

"உள்ள போகாது. நிக்க வச்சுத்தான் கொண்டு போகணும். வேண்டாம், படியிலயே இறக்கிரலாம்" என்றாள் அண்ணி. ஊர் லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிறவள், இதைச் சொல்லிவிட்டு லிஃப்ட் கதவைச் சாத்தினாள்.

மூன்று மாடி. முன்னால் டிரைவரும் அண்ணனும், பின்னால் தலைமாட்டில் இரண்டு பெண்களும் பிடித்தார்கள். சின்னவள் சுவர்ப் பக்கம், அண்ணி படியின் தடுப்புக் கம்பிப் பக்கம். அம்மா இருபது தடவை ஏறி இறங்கிய படிகள்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் அண்ணன் ஒரு படியைத் தவறவிட்டான். ஸ்ட்ரெச்சர் கம்பிப் பக்கமாகச் சாய்ந்தது. கட்டியிருந்த பட்டை நழுவி, அம்மாவின் தோள் வெளியே சரிந்தது.

"அம்மா!"

சின்னவள் ஸ்ட்ரெச்சர் கைப்பிடியை விட்டுவிட்டு அம்மாவின் மேல் பாய்ந்தாள். தோளைக் கட்டிப் பிடித்தாள். அவள் பாரமும் சேர்ந்து எல்லாம் கம்பிக்கு வெளியே போகப் பார்த்தது. அதே நொடியில் அண்ணி சுவர்ப் பக்கம் தாவியிருந்தாள். சின்னவள் விட்ட கைப்பிடியைப் பற்றி, முதுகைச் சுவரில் அழுத்தி, பல்லைக் கடித்து இழுத்தாள். ஸ்ட்ரெச்சர் நின்றது.

"எல்லாரும் ஒரே பக்கம் சாஞ்சா எப்படிம்மா?" என்றார் டிரைவர், மூச்சு வாங்க.

மெல்லத் திருப்பத்துத் தரையில் இறக்கி வைத்தார்கள். அண்ணன் படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். சின்னவள் அண்ணியைப் பார்த்தாள். அண்ணியும் பார்த்தாள்.

அண்ணி மண்டியிட்டுப் பட்டையை இறுக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். முடிச்சுப் போட இன்னொரு கை தேவைப்பட்டது, ஆனால் கேட்கவில்லை.

சின்னவள் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து, பட்டை குறுக்கிடும் இடத்தில் விரலை வைத்து அழுத்தினாள். முடிச்சு இறுகும்வரை எடுக்கவில்லை.