நீலப் போர்ட்டும் கிறீஸ் பூசிய அத்தானும்

மத்தியானம் ஒன்றரை மணிக்குத் தினுஷாவுக்கு இரண்டு வழி இருந்தது. தான் எடுத்த கலியாண வீடியோ முழுவதையும் பழைய லப்டொப்பின் பழைய யூஎஸ்பி போர்ட் வழியாக ஹாட் டிஸ்கில் ஏற்றினால் இரண்டு மணித்தியாலம். நேற்றுப் பார்சலில் வந்த, வேகம் கூட்டும் எக்ஸ்பிரஸ் கார்டைப் பக்கவாட்டுத் துளையில் செருகி, அதிலிருக்கும் நீல நிறப் போர்ட் வழியாக ஏற்றினால் அரை மணித்தியாலம்.

நாலு மணிக்கு இராஜநாயகம் அங்கிளின் வான் அவளின் பாலையூற்று வீட்டு வாசலுக்கு வரும். மகளையும் மருமகனையும் சுவிசுக்கு ஏற்றிவிட எயாப்போட் போகிற வழியில் ஹாட் டிஸ்கை வாங்கிக்கொள்வார். "நேரத்துக்குத் தந்தாயெண்டால் சின்னவளின்ர கலியாணத்துக்கும் நீதான் பிள்ளை. இல்லாட்டி டவுண் ஸ்டூடியோக்காரன்தான்" என்று முதலே சொல்லிவிட்டார்.

வேறொருத்தி என்றால் பழைய போர்ட்டில் செருகிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பாள். புதுச் சாமான் ஒன்று கைக்கு வந்தால் தினுஷாவுக்குச் சோறு இறங்காது.

"நாலு மடங்கு வேகம் அக்கா! பழசு மாட்டு வண்டில். இது எக்ஸ்பிரஸ்!"

"வண்டில் வீட்டுக்கு வந்து சேரும். உன்ர எக்ஸ்பிரஸ் எங்க போய் நிக்குமோ" என்றாள் ஜெசிகா அக்கா குசினிக்குள் இருந்து.

கார்டைச் செருகினாள். லப்டொப் ஒரு முனகல்கூடப் போடவில்லை. கழற்றிச் செருகினாள். ஊதிச் செருகினாள். மென்பொருளைத் திரும்ப ஏற்றி, நிறுத்தி எழுப்பினாள். பத்து வயது லப்டொப் நித்திரையால் எழும்புவதற்கிடையில் ஒரு பெருநாள் பூசையே முடிந்துவிடும். மூன்றாம் தரம் எழுப்பியபோதுதான் தன் விரல் நுனி வழுவழுவென்று மினுங்குவதைக் கண்டாள். மணந்து பார்த்தாள். வள்ளத்து எஞ்சின் மணம்.

"அத்தான்!"

டிலக்ஷன் அத்தான் துறைமுகப் பக்கம் வள்ளங்களுக்கு எஞ்சின் திருத்துகிறவர். வெறும் உடம்போடு, தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து நின்றார்.

"இந்தக் கார்டில என்னத்தைப் பூசினியள்?"

"கிறீஸ்தான். காலமை மேசையில கிடந்துது. உப்புக் காத்துப் பிள்ளை, ரெண்டு கிழமையில பச்சை பூத்திடும். நல்ல கட்டிக் கிறீஸ், வெளிநாட்டுச் சாமான். உனக்கெண்டபடியால்தான் பூசினனான். மற்றவனுக்குக் காட்டவும் மாட்டன்."

"ஐயோ அத்தான், இது கரண்ட் போற இடம்!"

"எஞ்சினிலயும் கரண்ட் போகுதுதானே? அதுகள் ஓடேல்லையே?"

மணி மூன்றாகிவிட்டது; இனிப் பழைய போர்ட்டுக்கு மாறினாலும் முடியாது. துளைக்குள்ளும் கிறீஸ் அப்பிக் கிடந்தது. அத்தான் பாமசிக்கு மோட்டார் சைக்கிளில் பறந்து, கிறீஸைத் துடைக்க ஸ்பிரிட் வாங்கி வந்தார். கூடவே எஞ்சின் சுரண்டுகிற கம்பிப் பிரஷையும் நீட்டினார். தினுஷா போட்ட சத்தத்தில் அது திரும்பவும் காற்சட்டைப் பைக்குள் போனது. அக்காவின் புதுப் பல்லுப் பிரஷ் பலியானது.

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது லப்டொப் 'டிங்' என்றது. அத்தான் கை தட்டினார்.

"மாட்டு வண்டில் இப்ப வந்து, அவிழ்த்துக் கட்டி, தண்ணியும் வைச்சிருக்கும்" என்றாள் அக்கா.

பதிவு கால்வாசி ஏறும்போதே வான் ஹோர்ன் அடித்தது. இராஜநாயகம் யன்னலால் தலையை நீட்டினார். "பிள்ளை, தா!"

"அங்கிள், இன்னும் கொஞ்சம்…"

"பிளேன் எனக்காக நிக்குமோ? சரி, விடு. டிரைவர், எடும்!"

தினுஷா யோசிக்கவில்லை. லப்டொப்பையும் தொங்கிய ஹாட் டிஸ்கையும் பிள்ளையைத் தூக்குவதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி, சூட்கேசுகளுக்கிடையில் ஏறிக் குந்தினாள்.

கார்டு துளையைவிட ஒடுக்கம். வான் குலுங்கக் குலுங்க அதுவும் ஆடியது. பெருவிரலால் அழுத்திப் பிடித்தாள். கண்டி வீதியில் ஏறியதும் அங்கிள் வழக்கம்போலச் செபமாலையைத் தொடங்கினார். தினுஷாவுக்கும் ஒன்றை நீட்டினார்.

"கை ஏலாது அங்கிள். விரலை எடுத்தால் கலியாணம் போயிடும்."

"அப்ப வாயால சொல்லு."

சொன்னாள். முதலாம் காரணிக்கத்தின் பத்து மணியும் முடிய நாற்பது வீதம். மூன்றாவதில் அறுபத்தைந்து. மணமகளும் மாப்பிள்ளையும் சிலுவையை விட்டுவிட்டுத் திரையையே பார்த்துச் செபித்தார்கள். திடீரென்று மாடொன்று குறுக்கே வர, டிரைவர் பிரேக் அடித்தார். விரல் சறுக்கியது. திரையில் ஏற்றத்தைக் காட்டிய கோடு நின்றது.

'அருள் நிறைந்த' என்ற இடத்தில் அங்கிளும் நின்றார். "போச்சோ?"

தினுஷா கார்டை அமுக்கி, 'மீண்டும் முயல்க' என்பதைத் தட்டினாள். கோடு அசைந்தது. "போகேல்ல. நீங்கள் சொல்லுங்கோ அங்கிள், நிப்பாட்டாதேங்கோ!"

அங்கிளின் குரல் இரண்டு மடங்கானது. டிரைவர் புத்த சமயத்தவர், அவரும் இரண்டு இடத்தில் ஆமென் போட்டார்.

ஊரை விட்டு வெகு தூரம் வந்து, கந்தளாய்ச் சந்தியில் நூறு வீதம். மணமகள் ஹாட் டிஸ்கை வாங்கிக் கைப்பைக்குள் வைத்து, பையை இறுக்கிக்கொண்டாள். அங்கிள் வியர்வையைத் துடைத்தார்.

"சின்னவளின்ர கலியாணமும் உனக்குத்தான் பிள்ளை. ஆனா ஒண்டு, அந்தச் சாமானை இனி ஒருத்தரும் தொடக்கூடாது. நீயும்தான்."

அவளை இறக்கிவிட்டு வான் போனபிறகுதான், காலில் செருப்பில்லை என்பது தெரிந்தது. அக்காவுக்குப் போன் எடுத்தாள்.

"கிடைச்சிட்டுது அக்கா! அடுத்ததும் எனக்குத்தான்!"

"நல்லது. இப்ப எங்க நிக்கிறாய்?"

"கந்தளாயில."



"சரி, நிண்டதோட நிண்டது, அங்கத்தைத் தயிர் பேர்போனதெல்லே, ஒரு சட்டி வாங்கிக்கொண்டு வா."