முழங்காலுக்குக் கீழே ஒரு கயிறு

“வாதம்னா வலிக்கணும்ல? எனக்கு வலியே இல்ல. பாதம்தான் தொங்குது,” என்றாள் முனியம்மா.

“அப்போ இது ஆத்தா கோவம்தான். ஏரில எறங்காத,” என்றார் கோதண்டம். அம்மன் கோயில் பூசாரி. முனியம்மாவின் செத்துப்போன புருஷனுக்குப் பெரியப்பா.

முனியம்மா மணலில் உட்கார்ந்தபடி ஏரியைப் பார்த்தாள். பெண்கள் ஓலையில் முடைந்த பறிக் கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, முழங்கால் ஆழத் தண்ணீரில் வரிசையாகத் தவழ்ந்து, கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசையில் அவளுக்கு இனி இடமில்லை என்று ஊர் சொல்லிவிட்டது. இறால் இல்லாவிட்டால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது.

“கோட்டையில இருக்குற ஒல்லாந்துக்கார வைத்தியன் இன்னா சொன்னான்?” என்று கேட்டாள் பக்கத்தில் நின்ற நாத்தனார் ராஜம்மா.

“சேத்துலேர்ந்து வர்ற கெட்ட காத்தாலயாம். கைய கீறி ரத்தம் எடுத்தான். அந்தக் காத்த நான் மட்டுமா குடிக்கிறேன்? அவனுந்தான் குடிக்கிறான். நல்லா குதிக்கிறானே!”

ராஜம்மா சிரித்துவிட்டு, பூசாரியைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

முனியம்மா சேலையை முழங்கால்வரை தூக்கினாள். முழங்காலுக்குக் கீழே, ஏரியில் திருக்கை மீனின் முள் குத்தாமலிருக்க ஆடி மாதம் எல்லாப் பெண்களுக்கும் பூசாரி காப்பாகக் கட்டிவிடும் சணல் கயிறு. போன வருஷம் குத்துப்பட்டவள் என்பதால் இவளுக்கு மட்டும் இரண்டு காலிலும் பல சுற்று. ஈரத்தில் சுருங்கிய கயிறு சதைக்குள் புதைந்திருந்தது. மீன் முள்ளால் கயிற்றுக்கு மேலே குத்தினாள், முகம் சுளித்தது. கீழே குத்தினாள், ஒன்றுமில்லை.

“ராஜம்மா, உனுக்கும் கால் இழுத்துச்சே, எப்போ சரியாச்சு?”

“கயிறு அறுந்து வுழுந்தப்புறம்…”

“ஆத்தா மன்னிச்சா!” என்றார் கோதண்டம்.

“மன்னிச்சது ஆத்தாவா, கயிறா? அறுத்துப் பாத்தா தெரிஞ்சிடும்.”

“காப்ப அறுப்பியா? திமிரு புடிச்சவளே!”

“ஆமா, திமிருதான். கால்லதான் தெம்பு இல்ல.”

அவளே அறுத்துவிடலாம். ஆனால் பூசாரி கைபடாமல் காப்பு போனால் எந்தப் பெண்ணும் அவளோடு தண்ணீரில் இறங்கமாட்டாள். அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

இடுப்பிலிருந்த மீன் கத்தியை உருவி, பிடியை அவர் பக்கம் நீட்டினாள்.

“நீங்க கட்டினது மாமா. எல்லாரும் பாக்க நீங்களே அறுத்து வுடுங்க.”