மூடியைத் திறந்து காட்டுவோம்

வெப்சைட் வந்து ஒரு மாதமாகியும் ரத்மியின் போன் அடிக்கவில்லை. அடிக்கவே இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். பதினோரு தடவை அடித்தது. நான்கு பேர் கடன் வேண்டுமா என்று கேட்டார்கள், இரண்டு தடவை அவள் தங்கை. மிச்சப் பேரும் விலையைக் கேட்டுக்கொண்டு, வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று வைத்துவிட்டார்கள். கக்கூஸ் தொட்டி நிரம்பி வழியும்போது வீட்டில் கலந்து பேச என்ன இருக்கிறது?

மாலாங் நகரத்தில் அந்த வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் முன்பெல்லாம் மின்கம்பத்தைப் பார்த்தால் போதும். ரத்மியின் கணவர் குனார்சோ பதினைந்து வருஷத்தில் நாலாயிரம் போன் நம்பர் ஸ்டிக்கராவது தன் கையால் ஒட்டியிருப்பார். நகராட்சி கிழிக்கும், போட்டிக்காரன் மேலே ஒட்டுவான், இவர் அதற்கும் மேலே ஒட்டுவார். இப்போது யாரும் கம்பத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. எல்லார் தலையும் கையிலிருக்கும் போனைப் பார்த்தே குனிந்திருக்கிறது. இரண்டு லாரியில் ஒன்று கொட்டகையிலேயே நின்று, அதன் அடியில் பூனை குட்டி போட்டுவிட்டது. நோன்புப் பெருநாளுக்குள் நிலைமை மாறாவிட்டால் அதை விற்றுவிடுவது என்று குனார்சோ முடிவு செய்திருந்தார். ஒரு லாரியை வைத்துக்கொண்டு குடும்பம் ஓடாது என்பது ரத்மிக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலையில் பலுபி மடிக்கணினியோடு வந்தாள். வெப்சைட் செய்து கொடுத்தவள் அவள்தான். ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்துகொண்டு கல்யாணச் சமையல்காரர், கண்ணாடிக் கடை, பல் டாக்டர் என்று பலருக்கும் செய்து கொடுத்த பெண். போன் அடிக்காதது தன் கைக்குற்றமோ என்ற கூச்சம் அவளுக்கு.

முதல் பக்கத்தைத் திறந்தாள். வெள்ளை சோபாவில் மஞ்சள் தலைமுடியோடு ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

"இவங்கல்லாம் யாருன்னு ஒரு மாசமா கேக்கணும்னு இருந்தேன்" என்றாள் ரத்மி.

"யாரோ, இபு" என்றாள் பலுபி. அந்த ஊரில் அம்மா என்பதற்கு இபு, ஐயா என்பதற்கு பாக். "திருப்தியான குடும்பம்னு தேடினேன், வந்தாங்க."

"தொட்டி நிரம்பின வீட்டுல இப்படியா சிரிப்பாங்க? மூக்கப் பொத்திட்டு நிப்பாங்க."

பலுபி சிரித்தாள். பிறகு கணக்கைக் காட்டினாள். தொள்ளாயிரத்துச் சொச்சம் பேர் வந்து பார்த்திருக்கிறார்கள். வந்தவர்களில் பாதிக்கு மேல், வெப்சைட்டுக்கு முன்பிருந்தே ஆன்லைன் வரைபடத்தில் இருக்கும் வாடிக்கையாளர் கருத்துகளைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். போனவர்கள் யாரும் திரும்பி வரவில்லை.

"அங்க என்ன குறை? இருபத்தோரு பேரு அஞ்சு நட்சத்திரம் குடுத்திருக்காங்களே."

"இருபத்தோரு பேரும் ஒரே வாரத்துல எழுதியிருக்காங்க. எல்லாரும் 'மிக மிகத் திருப்தி'னு எழுதியிருக்காங்க. ஒருத்தரு 'சித்தப்பாவின் சேவை'ன்னே எழுதிட்டாரு."

அது குனார்சோவின் அண்ணன் மகன். எழுதச் சொன்னால் சொன்னதை மட்டும் எழுதத் தெரியாதவன்.

"அத விடுங்க, இபு. ஜனங்க அதையெல்லாம் தாண்டி நேரா இங்கதான் வராங்க" என்று பலுபி கீழே இழுத்தாள். ஒரே ஒரு நட்சத்திரம். எழுதியவர் கசியாத்தி, ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியை. 'பாதி நிரம்பிய வண்டியோடு வந்தார்கள். என் தொட்டியில் இருந்தது ஒரு கனமீட்டர். மூன்று என்று சொல்லிக் காசு வாங்கிப் போனார்கள்.' அதற்குக் கீழே எட்டு மாதத்துக்கு முன் ரத்மி எழுதிய பதில் இருந்தது. 'அல்லாஹ்வின் மீது ஆணையாக எங்கள் வண்டி எப்போதும் காலியாகத்தான் வரும். வயதில் பெரியவர் பொய் சொல்லக்கூடாது.'

"போட்டிக்காரன் தூண்டிவிட்டு எழுதுன கிழவி" என்றாள் ரத்மி. நினைத்தால் இப்போதும் அவளுக்கு உடம்பு கொதித்தது.

பலுபி திரையை மறுபடி மேலே தள்ளினாள். "போன் பண்றவங்க உங்ககிட்ட என்னதான் கேக்கறாங்க?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்வியை அவள் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். பதினைந்து வருஷமாகப் போன் எடுப்பவள் ரத்மி. நகரத்தில் யார் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று அவளுக்கு அத்துபடி. கூலி கனமீட்டர் கணக்கில். வண்டியின் தொட்டியில் எவ்வளவு ஏறியது என்று வண்டிக்காரன் சொல்வதுதான் கணக்கு. ஏற்கெனவே பாதி நிரப்பிக்கொண்டு வந்தால் வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்? அதனால் பத்துப் பேரில் ஏழு பேர் ஒன்றைத்தான் கேட்பார்கள், வண்டி காலியாக வருமா என்று.

"நீங்க என்ன சொல்வீங்க?"

"எங்க வீட்டுக்காரரு ஒரு வேளை தொழுகையக்கூட விடமாட்டாருன்னு சொல்வேன்."

"அத எப்படி நான் படம் புடிச்சுப் போடுறது, இபு?" பலுபி கொட்டகையில் நின்ற லாரியைப் பார்த்தாள். "வண்டி மேல மூடி இருக்குல்ல. வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அதத் திறந்து காட்டலாமே."

மத்தியானத்துக்குள் புதுப் பக்கம் தயாராகிவிட்டது. வெள்ளைக்காரக் குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு போனது. அந்த இடத்தில் லாரி, கொட்டகை, விலாசம், ஒரு கனமீட்டருக்கு இவ்வளவு என்ற விலை எல்லாம் வந்து சேர்ந்தன. எல்லாவற்றுக்கும் மேலே பெரிய எழுத்தில் ஒரு வரி: 'மூடியைத் திறந்து காட்டுவோம். காலியாக இல்லாவிட்டால் காசு வேண்டாம்.' ரத்மி அதை மூன்று தடவை படித்தாள். யார் கேட்டாலும் தான் சொல்கிற பதில், ஒரு வரியில். அவளுக்குப் பெருமையாக இருந்தது.

குனார்சோ வந்தார், கால் கழுவினார், படித்தார்.

"அந்த வரி வேணாம்" என்றார்.

"ஏன் பாக்? அதுதானே முக்கியம்" என்றாள் பலுபி.

"வேணாம்னா வேணாம். மூடியத் திறந்தா நாத்தம் வரும். அக்கம்பக்கம் சண்டைக்கு வரும்."

"உறிஞ்சும்போது மட்டும் மல்லிப்பூவா மணக்குது?" என்றாள் ரத்மி. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. காலுக்குக் கீழே தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்க, பூனைக்குட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அது போதாதா? பலுபி மடிக்கணினியை மூடிக்கொண்டு, பல் டாக்டர் காத்திருக்கிறார் என்று நாசூக்காகக் கிளம்பிவிட்டாள்.

சோறு போடும்போது அவரே சொன்னார். கழிவு கொட்டுகிற இடம் பதினாலு கிலோமீட்டர். போய்வர டீசல், உள்ளே விடக் கட்டணம். ஒரு கனமீட்டருக்கெல்லாம் ஒரு நடை போனால் கட்டுப்படியாகாது. இரண்டு மூன்று வீட்டை முடித்துக்கொண்டு ஒரேயடியாகக் கொட்டுவார்.

"சேத்துக் கொட்டுறது தப்பில்ல. கணக்கு?"

"ஏற்கெனவே இருந்ததையும் சேத்துத்தான் எல்லாரும் கணக்குச் சொல்றாங்க. நான் மட்டும் சரியாச் சொன்னா குறைச்ச விலையில எப்படி ஓட்டுறது?"

"கசியாத்தி வீட்டுல?"

"ரெண்டு ஏற்கெனவே இருந்துச்சு."

ரத்மி அகப்பையைச் சட்டியிலேயே வைத்துவிட்டாள். காசுகூட அவளை அவ்வளவு சுடவில்லை. ஒரு பெரிய மனுஷியைப் பொய்க்காரி என்று ஊர் பார்க்க எழுதிய கை இது. அதுவும் யார் பெயரைச் சொல்லி எழுதியது?

"நீ தெரியாமத்தானே சொன்ன. தெரியாமப் பண்ண சத்தியத்துக்குக் குத்தமில்லன்னு பள்ளிவாசல் உஸ்தாத்தே சொல்வாரு" என்றார் குனார்சோ.

"அப்ப தெரியாது. இப்பத் தெரியுமே. அது இன்னும் அங்கதானே கெடக்கு? தினம் பதினஞ்சு பேருக்கு மேல படிக்கறாங்க."

மறுநாள் காலையில் போனை அவர் காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். "இனிமே நீங்களே எடுங்க. வண்டி காலியா வருமான்னு கேப்பாங்க. நீங்களே சொல்லுங்க." அதற்குமேல் சண்டை போடவில்லை. சோறு நேரத்துக்கு வந்தது, குழம்பில் உப்பும் சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

இரண்டு நாளில் மூன்று போன் வந்தது. மூன்று பேரும் அதையேதான் கேட்டார்கள். முதல் ஆளிடம் "வரும்" என்று முனகினார். இரண்டாவது ஆளிடம் இருமினார். மூன்றாவது ஆள் "ஏன் பாக் யோசிக்கறீங்க?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தவர் தொப்பியைக்கூடக் கழற்றாமல், "அந்தப் பொண்ணக் கூப்பிட்டு அந்த வரியப் போடச் சொல்லு. விலைய மட்டும் கொஞ்சம் ஏத்திப் போடச் சொல்லு. இனிமே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நடை போகணும்ல" என்றார்.

வரியைப் பலுபி போட்டாள். அண்ணன் மகன் முதற்கொண்டு இருபத்தோரு பேரையும் அவர்கள் எழுதியதை அழிக்கச் சொன்னார்கள். கசியாத்திக்கான பதிலை மட்டும் ரத்மி தன் கையால் எழுதினாள், நான்கு தடவை அடித்து அடித்து.

'கசியாத்தி இபு சொன்னது உண்மை. வண்டியில் ஏற்கெனவே இரண்டு கனமீட்டர் இருந்தது. அது தெரியாமல் நான் சத்தியம் செய்தேன், உங்களைப் பொய்க்காரி என்றேன். மன்னியுங்கள். வாங்கிய அதிகப் பணத்தை இன்று திருப்பிக் கொடுக்கிறோம். ரத்மி.'

"இபு, எந்தக் கம்பெனியும் இப்படி எழுதாது" என்றாள் பலுபி. "நாங்க திருடினோம்னு கடை வாசல்லயே எழுதி வைக்கிற மாதிரி இருக்கு. பழைய பதில அழிச்சாலே போதும்."

"படிச்சவங்க படிச்சுட்டாங்கல்ல? போடு."

குனார்சோ பணத்தைக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். கசியாத்தி வாசல் கம்பிக்கதவைத் திறக்கவில்லை. கம்பி வழியாகவே வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாராம்.

ஒன்பது நாள் யாரும் கூப்பிடவில்லை. லாரி வாங்க ஆள் ஒருத்தன் வந்து டயரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனான். ரத்மி வருத்தப்பட்டாள், ஆனால் ராத்திரி தூங்கினாள்.

பத்தாம் நாள் காலை போன் அடித்தது. ரத்மியே எடுத்தாள்.

"பொய்ச் சத்தியம் பண்ணவ நீதானே?" கிழக்குரல், வகுப்பில் கேள்வி கேட்கிற தோரணை.

"நான்தான், இபு."

"எனக்கு தினோயோ பக்கம் ஒரு விடுதி இருக்கு. பன்னெண்டு காலேஜ் பொண்ணுங்க. தொட்டி நிரம்பிடுச்சு. வண்டிய எடுத்துட்டு வரச் சொல்லு. நீயும் வரணும்."

குனார்சோ கொட்டகையிலிருந்து பூனைக்குட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து மரப்பெட்டியில் விட்டார். லாரியைத் தட்டிக் கிளப்ப அரைமணி நேரம் ஆயிற்று. ரத்மி முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். அந்த லாரியில் அவள் ஏறுவது அதுதான் முதல் தடவை.

விடுதி வாசலில் கசியாத்தி கைத்தடியை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். மாடியிலிருந்து மூக்கைப் பொத்திக்கொண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். குனார்சோ தலை குனிந்து வணங்கிவிட்டு, பின்பக்க ஏணியில் ஏறி மூடியைத் திறந்து வைத்துவிட்டு இறங்கினார். "பாருங்க, இபு" என்றார்.

"என் முட்டியப் பாத்தா ஏணி ஏறுற முட்டி மாதிரியா இருக்கு?" கசியாத்தி ரத்மி பக்கம் தடியை நீட்டினார். "நீ ஏறு. ஏறிப் பாத்துட்டு வந்து சொல்லு."

ரத்மி பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஏறினாள். குனார்சோ கீழிருந்து டார்ச்சை நீட்டினார். பதினைந்து வருஷமாகப் போனில் உறுதி சொல்லிக்கொண்டிருந்த இடத்தை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, மூலைக்கு மூலை வெளிச்சம் அடித்து, மூச்சு முட்டும்வரை பார்த்தாள். இறங்கும்போது கண்ணில் நீர் வழிந்தது. பாதிக்கு நாற்றத்தைக் காரணம் சொல்லலாம்.

"காலி, இபு. அடி வரைக்கும் காலி." சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில், "அல்லா மேல..." என்று ஆரம்பித்தாள்.

"சத்தியமெல்லாம் வேணாம்" என்றார் கசியாத்தி. "காலின்னு சொன்னாப் போதும்."

குனார்சோ குழாயை இழுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்.