புறக்கிராசியார் சொல்லாத வசனம்

கோர்த்த எழுத்துக் கட்டைப் பிரிக்க முதலாளி சொன்னதும் அச்சுக்கோர்ப்பவர் கிறகோரி குனிந்து சணல் நூலின் முடிச்சைத் தேடினார். அந்த அச்சகத்தில் ஈய எழுத்துக்கு எப்போதும் தட்டுப்பாடு. ஒன்றை அடித்து முடித்துப் பிரித்தால்தான் அடுத்ததைக் கோர்க்கலாம். இந்தக் கட்டு மட்டும் பத்து நாளாகப் பிரிபடாமல் மேசைக்குக் கீழே கிடந்தது. நீதிமன்றத்தில் வழக்குப் பேசி, இப்போது சட்டசபைத் தேர்தலுக்கு நிற்கிற புறக்கிராசியார் மார்க்கண்டுவின் பேச்சு அது. பத்திரிகையில் வந்த அன்றே வாசித்துக் குளிர்ந்துபோய், அதையே துண்டுப் பிரசுரமாக ஐந்நூறு அடிக்கச் சொல்லி ஆள் அனுப்பியவர் அவர்தான். இன்னும் தேவைப்படும், கட்டை அப்படியே வைத்திருக்கட்டாம் என்றும் சொல்லியனுப்பினார்.

பேச்சின் நடுவில் ஒரு வசனம். ‘எல்லாரையும் ஒரே வாங்கில் இருத்துகிற பள்ளிக்கூடத்துக்குக் கூரை எதற்கு?’ கூட்டத்தில் அதற்குத்தான் கைதட்டல் அதிகமாம். பிரசுரம் ஊரூராகப் போன மூன்றாம் நாள் கோப்பாய்ப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் தென்னோலைக் கிடுகுக் கூரையை யாரோ கொளுத்திவிட்டார்கள். சாதி பாராமல் பிள்ளைகளை வாங்குப் பலகையில் அருகருகே இருத்திய பள்ளிக்கூடம். கிறகோரியின் மகள் யசிந்தா அங்கேதான் படிப்பித்தாள். பிள்ளைகளின் சிலேட்டுகளை எடுக்க உள்ளே ஓடி, இரண்டு கைகளையும் சுட்டுக்கொண்டாள்.

இப்போது விசாரணை வருகிறது. கொழும்பு இங்கிலீசுப் பத்திரிகைகள் அந்த வசனத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டன. கூரை எரிந்தது மாகாணத்தை ஆளும் வெள்ளைக்காரத் துரைக்குப் பிடிக்கவில்லை. துரைக்குப் பிடிக்காதது புறக்கிராசியாருக்கும் பிடிக்காமல் போயிற்று.

பத்திரிகை முதலாளி சிவசுப்பிரமணியம் புறக்கிராசியார் அனுப்பிய மறுப்புக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு யன்னலைப் பார்த்தபடி நின்றார்.

“அவர் அப்பிடிச் சொல்லவே இல்லையாம். இஞ்சை கோத்ததிலை வந்த பிழையாம்.”

“அவரின்ரை கையெழுத்துத் தாள் இருந்ததே, ஐயா.”

“அதை அவரின்ரை கிளாக்கர் நேற்றே வந்து வாங்கிக்கொண்டு போயிட்டார்.”

“பிழையெண்டால் ஏன் பிறகு ஐந்நூறு அடிப்பிச்சவர்?”

முதலாளி யன்னலை விட்டுத் திரும்பினார். கடிதத்தை மேசையில் வைத்தார். “உம்மடை பேரும் வரவேணுமாம், கிறகோரி. அப்பத்தான் விசாரணையிலை நம்புவினமாம். உம்மடை வேலைக்கு நான் பொறுப்பு. மாட்டன் எண்டால், எனக்குச் செய்ய ஒண்டுமில்லை.”

பள்ளிக்கூடம் எரிந்தபின் வீட்டில் அடுப்பெரிவது இந்த வேலையால்தான். கிறகோரி கோபம் வரட்டும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். வரவில்லை. யசிந்தாவின் கைகளுக்கு மருந்து போட்ட அன்றும் இப்படித்தான், அழுகை வருமென்று பார்த்துக்கொண்டு நின்றார்.

முடிச்சை அவிழ்த்தார். கூரையை எடுத்து எழுத்தெழுத்தாகப் பெட்டிகளில் போட்டார். வாங்கைப் போட்டார். பள்ளிக்கூடத்தைப் போட்டார். பிறகு அதே எழுத்துகளைப் பொறுக்கி மறுப்பைக் கோர்த்தார். தான் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் தீங்கு நினைத்தவரல்லர் என்று புறக்கிராசியார் எழுதியிருந்தார். பிழைக்கு அச்சுக்கோர்ப்பவர் கிறகோரி வருந்துகிறார் என்பது கடைசி வரி. கிறகோரி தன் பெயரை ஒருநாளும் கோர்த்ததில்லை. செத்த பிறகு வேறு யாராவது கோர்ப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தார். கை தடுமாறாமல் கோர்த்தது.

அடுத்த நாள் பின்னேரம் பத்திரிகையை அச்சகத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். கொண்டுவந்தார். யசிந்தா வேப்பமரத்தடியில் இருந்தாள், மணிக்கட்டு வரைக்கும் வெள்ளைத் துணிக்கட்டு. கை சுட்ட நாளிலிருந்து பத்திரிகையை அவர் விரித்துப் பிடிப்பார், அவள் வாசிப்பாள். இன்றும் பிடித்தார். அவள் கண்கள் வரிவரியாக இறங்கி, கடைசி வரியில் நின்றன.

“பிழையாக் கோத்தனீங்களோ, அப்பு?”

“இல்லைப் பிள்ளை. அவர் எழுதினபடிதான் கோத்தனான்.”

அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கோக்கிற நேரம் அந்த வசனத்தை வாசிச்சனீங்களோ?”

அவர் யோசித்துப் பார்த்தார். வரி நேராக வந்ததா, இடைவெளி சரியா என்று பார்த்தது ஞாபகம் இருந்தது. அந்த வசனத்தின் முடிவில் கேள்விக்குறி தேய்ந்திருந்தது. அதைக் கழற்றிவிட்டு நல்லதாக வேறொன்று தேடிப் போட்டதும் ஞாபகம் இருந்தது.

“இல்லை,” என்றார்.

கோயில் மணி அடித்து ஓய்ந்தது. யசிந்தா கட்டுப் போட்ட கைகளை மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டாள்.

“மற்றப் பக்கத்தைத் திருப்புங்கோ, அப்பு.”

அவர் திருப்புவதற்குக் கையை எடுத்தார். அச்சுமை படிந்த பெருவிரல் அழுத்தியிருந்த இடத்தில், அவருடைய பெயருக்குக் கீழே, கைநாட்டுப் போலக் கறுப்பாக ஒரு ரேகை பதிந்திருந்தது.